நூற்றுப் பதினோரு கிலோ

ஏலக்கூடத்துத் தராசில் எங்களை எடை போட்டார்கள்.
சூரையும் நெய்மீனும் கிடந்து
செதில் காய்ந்த தட்டில்
நான் ஏறியபோது அறுபத்து மூன்று.
மெர்லிட்டா ஏறியபோது நாற்பத்தெட்டு.
கொச்சியிலிருந்து வந்த கோச் நவ்யா அக்கா
கூட்டிப் பார்த்துச் சிரித்தாள்,
கணக்கு அவ்வளவு சரியாக வந்ததற்காக.
ஐப்பசியிலிருந்து நாங்கள் பேசுவதில்லை என்பது
தராசில் தெரியாது.

ஐப்பசிப் பந்தயத்தில்
அவள் படகு மிதவையைத் தொட்டதாக
நான்தான் கை தூக்கினேன்.
மிதவை ஆடியதைப் பார்த்தேன்.
அலைக்கும் ஆடும் மிதவை என்பது
வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னும்போதுதான் தோன்றியது.
மும்பைக்குப் போக அவள் கட்டிவைத்த பை
அப்படியே அலமாரி மேல் இருந்ததாம்.
அவள் கீழமணக்குடி, நான் மேலமணக்குடி.
நடுவில் பாலம், நடந்தால் பத்து நிமிஷம்.
கோபத்துக்கு அது போதுமான தூரம்.

சனிக்கிழமை, பாலத்துக்கு வடக்கே காயலில்
ஏழு படகுகள்.
ஆள் ஏறாவிட்டால் நிற்கக்கூடத் தெரியாத ஜாதிப் படகு,
சும்மா விட்டால் சரிந்து படுத்துக்கொள்ளும்.
அவள் சுக்கான் பிடிக்க
நான் இடுப்புக் கொக்கியைக் கம்பியில் மாட்டி
விளிம்பில் கால் ஊன்றி
தண்ணீருக்கு மேலே மல்லாந்து தொங்குகிறேன்.
படகுக்குச் சொந்தமாக
என் பாதங்கள் மட்டும்.

மூன்று சொற்களில் ஓட்டினோம்.
போ. வா. திருப்பு.
பதினோரு முறை கவிழ்ந்தோம்.
நடுப்பலகையில் ஏறி நின்று
ஒரே கயிற்றை இருவரும் இழுத்து நிமிர்த்தியபோதெல்லாம்
இரண்டு வாயிலும் ஒரே காயல் சேறு.
காவல் படகிலிருந்து கிளீட்டஸ் அண்ணன்
உரக்க எண்ணிக்கொண்டிருந்தார்,
மீன் ஏலம் விடுகிற ராகத்தில்.

ஞாயிறு. தவக்காலம்.
அவள் அவள் கோயிலில், நான் என் கோயிலில்.
ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லச் சொன்னபோது
முன் பெஞ்சில் யாரோ ஒருத்தியின் தோளில் கிடந்த
கைக்குழந்தையைக் கும்பிட்டு வைத்தேன்.

பாய்மரத்தைக் கழற்றிப் பாலத்தடியில் நழுவி
பொழி மணலில் எட்டு எட்டுப் பேராய்த் தூக்கிக்
கடலில் இறக்கினோம்.
மதியம்வரை காற்றே இல்லை.
இரண்டரைக்குக் கச்சான் வந்தது.
முதலில் மேற்கே தண்ணீர் கறுத்தது,
பிறகு கரையில் ஐஸ்காரனின் குடை பறந்தது,
பிறகு நாங்கள்.

கடைசிப் பந்தயத்தில் இரண்டாவதாக ஓடுகிறோம்.
என் அறுபத்து மூன்று கிலோ
அன்று மட்டும் சொத்து.
காற்றோடு பாய்ந்து வந்து
கீழ் மிதவையைச் சுற்றி, காற்றை எதிர்த்து ஏறுகையில்
நான் கம்பியில் வெளியே விழுந்து சாய,
மிதவையின் ஈர ரப்பர்
நாய் நக்குவதுபோல் என் முழங்கையைத் தொட்டது.
அவள் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நடுவர் படகு எங்கோ முதல் படகின் பின்னால்.
மிதவை ஆடியிருக்கும்.
அலைக்கும் ஆடும் மிதவை.

"தொட்டுட்டேன்" என்றேன்.
காற்றில் கேட்டிருக்காது.
மறுபடியும் சொன்னேன்.
எங்கள் மூன்று சொற்களில் அது இல்லை.

திரும்பிப் பார்க்காமல் சுக்கானைத் தள்ளினாள்.
தண்டனைக்கு ஒரு முழு வட்டம்.
பாய் இரண்டு முறை அறைந்து மாற
நான் குனிந்து அந்தப் பக்கம் ஓடி
குனிந்து இந்தப் பக்கம் ஓடி வருவதற்குள்
நான்கு படகுகள் போய்விட்டன.
ஒன்றிலிருந்து யாரோ கையாட்டினார்கள்.

கரையில், குழாயடியில்,
உப்புப் போக அலசிய பாயை
அவள் அந்த முனையும் நான் இந்த முனையும் பிடித்தோம்.
மடிக்க மடிக்க
நெருங்கி வந்துதானே ஆகவேண்டும்.
"அன்னைக்கு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா"
என்றாள், மடிப்பை நீவிக்கொண்டே.
கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று
அப்போதும் நான் கேட்கவில்லை.

திங்கள் சாயங்காலம்
நாகர்கோவிலிலிருந்து திரும்பும் பேருந்தில்
அவள் முன்படிக்கருகே, நான் பின்னால்.
நடுவில் யூனிபார்ம்கள், பலாப்பழ மூட்டை, ஒரு கண்டக்டர்.
காயலோரம் வண்டி திரும்பியதும்
ஜன்னல் வழியே கச்சான் அடித்தது.
நின்றிருந்த அத்தனை பேரும்
காற்றுக்கு விலகி அந்தப் பக்கம் ஒதுங்க
இரண்டு பேர் மட்டும்
காற்று வந்த பக்கமாய்ச் சாய்ந்தோம்.